பிள்ளை எங்கே என்று கேட்டோம்

இன்று காலையில் ஒரு வியாபாரி என் தையல் கடைக்கு வந்தார். கல்யாண சீசனுக்குத் தலையணை உறை தைத்துக் கொடுக்க ஆள் தேடுகிறாராம். துணியை மட்டும் காட்டிவிட்டுப் பேசியிருந்தால் சரியாகப் போயிருக்கும். சரக்கின் தரத்தைக் காட்டுகிறேன் பேர்வழி என்று, கொண்டுவந்த மூட்டையின் வாயை அவிழ்த்து ஒரு பிடி இலவம் பஞ்சை எடுத்து என் மெஷின் பலகைமேல் வைத்தார். மேலே ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. பஞ்சு எழும்பிப் பறந்து ஊசிமேலும் என் கைமேலும் வந்து ஒட்டியது. இலவங்கொட்டையின் அந்த எண்ணெய் வாடை மூக்கில் ஏறியது.

நான் எழுந்து தெருவுக்கு வந்துவிட்டேன். "என்னக்கா, பஞ்சு ஒத்துக்கிறாதா?" என்று கேட்டார் அவர். "எனக்கெல்லாம் ஒத்துக்கிரும். இந்த வேலை வேண்டாம், எடுத்துக்கிட்டுக் கெளம்புங்க" என்றேன். தேடி வந்த வேலையைத் துரத்துகிறேன் என்று பக்கத்து டீக்கடைக்காரர் தலையில் அடித்துக்கொண்டார். அவருக்கு என்ன தெரியும்? உன் தலைமுடியில் இருந்து அந்தப் பஞ்சைப் பொறுக்கி எடுத்த கை இது. மத்தியானம் வரை ஒரு தையல் ஓடவில்லை. கடையைப் பாதி சாத்திவிட்டு உட்கார்ந்து உனக்கு எழுதுகிறேன்.

நாம் சண்டையில் அறிமுகமானவர்கள். மறந்திருக்க மாட்டாய். 108 வண்டியெல்லாம் அப்போது கிடையாது. என் மகள் ஷமீமாவுக்கு விடியக்காலத்தில் மூச்சு இழுப்பு வந்து, பழனிசெட்டிபட்டியில் இருந்து பால்காரர் வண்டியில் தூக்கிப் போட்டுக்கொண்டு சர்க்கார் ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். எந்த ஊர் ஆஸ்பத்திரி என்று எழுதப் போவதில்லை. உனக்குத் தெரியும், எனக்குத் தெரியும், அது போதும். நீ போடிப் பக்கத்தில் இருந்து முதல் பஸ்ஸில் உன் மகள் ஈஸ்வரியை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்திருந்தாய். கேசுவாலிட்டியில் பிள்ளைகளுக்கு மருந்துப் புகை வைக்கிற மெஷின் இரண்டு இருந்தது, அதில் ஒன்று ரிப்பேர். நான்தான் முதலில் வந்தேன் என்று நான் கத்த, "டோக்கன் போட்டா குடுத்தாக? கதவுகிட்ட நாந்தான் முதல்ல நின்னேன்" என்று நீ கத்த, "ரெண்டு பேரும் வெளிய போங்க, பிள்ளைகளை மட்டும் விட்டுட்டுப் போங்க" என்று நர்ஸம்மா நம் இருவரையும் சேர்த்து விரட்டினார்.

அப்போதுதான் நீ ஷமீமாவைப் பார்த்தாய். உன் முகம் மாறிவிட்டது. "அக்கா, உங்க பிள்ளைக்குக் கழுத்துக் குழி உள்ள போகுது. இவளுக்கு வைங்க சிஸ்டர். ஏம்பிள்ளை இன்னும் பேசுறா, தாங்குவா" என்று சொல்லிவிட்டு ஒதுங்கி நின்றாய். சண்டைக்கு என்று வாயைத் திறந்து வைத்திருந்த நான் அப்படியே மூடிக்கொண்டேன். என் பிள்ளைக்கு மூச்சு திரும்புகிற வரைக்கும் நீ உன் பிள்ளையிடம் எதையாவது கேட்டுக்கொண்டே இருந்தாய். பள்ளிக்கூடத்தில் என்ன பாட்டு சொல்லிக் கொடுத்தார்கள், பக்கத்து வீட்டு ஆடு எத்தனை குட்டி போட்டது என்று. பேச்சு நிற்கிறதா என்று பார்ப்பதற்காகத்தான் கேட்கிறாய் என்பது எனக்குப் பிறகுதான் புரிந்தது.

அதற்கப்புறம் நமக்குக் கேசுவாலிட்டிக்கு வெளியே கிடந்த பெஞ்சுதான் வீட்டு வாசல் ஆனது. மேற்கே இருந்து சாரல் இறங்கினால் சந்திப்போம். பங்குனி, சித்திரையில் புழுதி கிளம்பினால் சந்திப்போம். பகலில் வந்து டாக்டரைப் பார்த்து வைத்தியத்தை ஒழுங்காகச் செய்யாமல் மூச்சு முட்டும்போது மட்டும் ஓடி வருகிறீர்களே என்று நர்ஸம்மா திட்டுவார். நீ எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொல்வாய்: "பகல்ல ஓபி சீட்டு வாங்கி நின்னா அன்னைக்குக் கூலி போச்சு. கேசுவாலிட்டின்னா வேலைக்கு முன்னாடி வந்துட்டுப் போயிரலாம். ஒண்ணும் கேக்காமப் பாப்பாக." அது உண்மைதான். என் நிலைமையும் அதுதான். ஒரு நாள் மெஷினை மிதிக்காவிட்டால் மறுநாள் அடுப்பு எரியாது. நம்மைப் போல அங்கே வந்தவர்கள் எல்லோருமே அப்படித்தான். செங்கல் காளவாசலில் இருந்து வருவார்கள், திராட்சைத் தோட்டத்தில் இருந்து வருவார்கள். பிள்ளைக்கு உதடு கறுத்தால்தான் அவர்களுக்கு ஆஸ்பத்திரி ஞாபகம் வரும்.

கிளம்பும்போது வாசலில் நாம் "போயிட்டு வாரேன்" என்று சொல்லிக்கொண்டதே இல்லை. ஆஸ்பத்திரியில் அந்த வார்த்தையைச் சொல்லக் கூடாது என்பதில் நீ கறாராக இருந்தாய். எனக்கு ஒரு தடவை வாய் தவறி வந்துவிட்டதற்கு என் தோளில் அடித்தாய். "இனிமே இங்கன நாம பாக்கவே கூடாதுக்கா" என்று சொல்லிவிட்டு நீ பஸ்ஸுக்கு ஓடுவாய். நேராகப் பஞ்சுக் களத்துக்குப் போக வேண்டும் உனக்கு.

உன் களத்தை நான் ஒரே ஒரு முறை பார்த்திருக்கிறேன். ஈஸ்வரிக்குத் தைத்த யூனிபாரத்தைக் கொடுக்க வந்தபோது. பஞ்சு பறந்து போகாமல் இருக்க நாலு பக்கமும் மேலேயும் வலை கட்டி, உள்ளே பெண்கள் உட்கார்ந்து இலவங்காயை உடைத்துப் பஞ்சு வேறு, கொட்டை வேறாகப் பிரித்துக்கொண்டிருந்தீர்கள். முந்தானையால் மூக்கைக் கட்டிக்கொண்ட முகங்கள். எல்லோருக்கும் புருவம் நரைத்திருந்தது. நான் வாசலில் நின்றதற்கே எனக்கு இருமல் வந்துவிட்டது. நீ சிரித்தாய். வேலை முடிந்து போகும்போது முதலாளி ஆளுக்கொரு துண்டு வெல்லம் கொடுத்தார். "இதைத் தின்னுட்டாப் போதும்க்கா. நெஞ்சுல நிக்கிற பஞ்சு வெல்லத்தோட வயித்துக்கு இறங்கிரும்" என்று எனக்கும் ஒரு கடி கொடுத்தாய். உனக்கு முன்னால் உன் அம்மாவும் அப்படித்தான் தின்றாளாம். அந்தக் களத்தில் ஒருத்திகூட அதைச் சந்தேகப்பட்டதில்லை. நானும்தான் வாங்கித் தின்றேன். இனிப்பாக இருந்தது.

ஈஸ்வரிக்கு பம்பு எழுதிக் கொடுத்தபோது நீ ஆடிய ஆட்டம் இருக்கிறதே! வாயில் வைத்து உறிஞ்சுகிற அந்தச் சின்ன பம்பைத் தினமும் காலையிலும் சாயங்காலமும் தவறாமல் இழுத்தால் கேசுவாலிட்டிக்கே வர வேண்டியது இல்லை என்று டாக்டரம்மா படித்துப் படித்துச் சொன்னார். கல்லூரியை விட்டு நேராக வந்தவர் மாதிரி சின்ன வயசு அவருக்கு. பொறுமையாகத்தான் சொன்னார். நீ தலையை ஆட்டி வாங்கிக்கொண்டு, வாசலுக்கு வந்ததும் அதை அரிசிப் பானைக்குள் ஒளிக்கப் போவதாக என்னிடம் சொன்னாய். "பொம்பளப் பிள்ளைக்கா. பம்பு வைக்கிற பிள்ளைன்னு ஒரு தடவை பேரு விழுந்துட்டா நாளைக்கு எவன் கட்டுவான்? அதுவும் பழகிருச்சுன்னா விடாதாம்ல." எட்டு வயசுப் பிள்ளைக்கு நீ மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தாய். நான் உன்னைத் திட்டினேன். அப்புறம் நானும் வீட்டுக்குப் போய் ஷமீமாவின் பம்பை யார் கண்ணிலும் படாத இடத்தில்தான் வைத்தேன்.

அந்த வருஷச் சாரலில் ஈஸ்வரிக்கு வந்ததே ஓர் இழுப்பு, அதுதான் உன் புத்தியைத் திருப்பியது. பேச்சு நின்றுவிட்டது அவளுக்கு. நீ எதையெதையோ கேட்கிறாய், பிள்ளை உன்னையே பார்க்கிறாள், பதில் வரவில்லை. அன்றைக்குப் பிழைத்து எழுந்தாள். மறுநாளே பம்பு அரிசிப் பானையை விட்டு வெளியே வந்தது. காலையிலும் சாயங்காலமும் பக்கத்தில் நின்று இழுக்க வைத்தாய். மாப்பிள்ளைப் பேச்சை நீ அப்புறம் எடுக்கவே இல்லை. பிள்ளை தேறினாள். கேசுவாலிட்டிப் பக்கமே நீ வரவில்லை. அந்த நர்ஸம்மாகூட, "எங்க உங்க கூட்டாளி, ஆளையே காணோம்" என்று விசாரித்தார். நல்லதுதானே என்றேன்.

அதற்குப் பிறகு நீ வந்ததெல்லாம் என் கடைக்குத்தான். ஈஸ்வரிக்குப் பாவாடை அளவு கொடுக்க வருவாய், இல்லாவிட்டால் சும்மா உட்கார்ந்து பேச வருவாய். அப்போது என் கடை மாடியில் இருந்தது. பன்னிரண்டு படி இருக்குமா, அவ்வளவுதான். ஏறி வந்ததும் நிலையைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் நிற்பாய். "என்னத்தா இப்படி இரைக்குது?" என்றால், "வெயில்ல நடந்து வந்தேன்ல" என்பாய். ஒருநாள் கொஞ்சம் அழுத்திக் கேட்டேன். "அட, அது பஞ்சுக்கா. வீசிங்கெல்லாம் சின்னப் பிள்ளைகளுக்கு வாரது. எனக்கு இருக்குறது வெறும் பஞ்சு" என்றாய். வீசிங்கைப் பற்றி நம் ஊரில் உனக்குத் தெரிந்த அளவுக்கு எந்தத் தாய்க்கும் தெரியாது. அப்படிப்பட்டவள் சொன்னதால் நானும் சரி என்று பாபினில் நூல் சுற்றிக்கொண்டே அடுத்த பேச்சுக்குப் போய்விட்டேன்.

அந்தப் பங்குனி மத்தியானத்தை எழுத எனக்குக் கை வரவில்லை. ஆனாலும் எழுதுகிறேன்.

ஷமீமாவுக்குச் சளி முற்றி, கேசுவாலிட்டியில் புகை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வெளியே லோடு ஆட்டோ வந்து நின்றது. நாலைந்து பெண்கள் ஒரு படுதாவில் யாரையோ வைத்துத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார்கள். அத்தனை பேர் தலையும் வெள்ளை. இலவம் பஞ்சு. எனக்கு உடனே உன் ஞாபகம் வந்தது. எட்டிப் பார்த்தால், படுதாவில் நீ.

என் வாயில் இருந்து முதலில் வந்தது என்ன தெரியுமா? "ஈஸ்வரி எங்க?" என்றேன். படுதாவில் கிடக்கிறவள் நீ என்று கண் பார்க்கிறது. மூச்சுக்கு ஆலாய்ப் பறக்கிறாய் என்றும் பார்க்கிறது. ஆனாலும் மண்டைக்கு ஏறவில்லை. பிள்ளைக்கு முடியாமல் போய், அதைப் பார்த்து நீ மயங்கி விழுந்துவிட்டாய் என்று நானாக ஒரு கதை கட்டிக்கொண்டேன். நான் மட்டும் என்றால்கூடப் பரவாயில்லை. நர்ஸம்மா உன் முகத்தைப் பார்த்ததும் பிள்ளைகளுக்கு வைக்கிற சின்ன மாஸ்க்கைக் கையில் எடுத்துவிட்டார். "பிள்ளையை இங்கன கொண்டாங்க, வெரசா" என்றார். டாக்டரம்மா உள்ளே இருந்து ஓடி வந்தவர் உன்னைத் தாண்டிப் போய் அந்தப் பெண்களுக்குப் பின்னால் தேடினார். "குழந்தை எங்கம்மா?"

அவர்களில் வயசானவள் ஒருத்திதான் சொன்னாள்: "பிள்ளை பள்ளிக்கூடத்துல இருக்கும்மா. முடியாதது இந்தப் பிள்ளைக்குத்தான், ஆத்தாவுக்குத்தான்."

நர்ஸம்மா கையில் இருந்த சின்ன மாஸ்க்கைப் பார்த்தார். பிறகு எல்லோரும் உன்மேல் விழுந்தார்கள். ஆக்சிஜன் வைத்தார்கள், ஊசி போட்டார்கள், என்னவெல்லாமோ செய்தார்கள். குறை சொல்ல மாட்டேன். நான் உன் தலைமாட்டில் நின்று உன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். நீ பிள்ளையிடம் கேட்கிற மாதிரி உன்னிடம் கேட்டேன். என்ன சமைத்தாய், எந்த பஸ்ஸில் வந்தாய், ஈஸ்வரிக்கு எப்போது பரீட்சை. நீ என்னையே பார்த்தாய். பதில் சொல்ல வாய் அசைந்தது, சத்தம் வரவில்லை. கொஞ்ச நேரத்தில் அந்த அசைவும் நின்றுவிட்டது.

"காலையிலருந்தே இழுத்துக்கிட்டுத்தான் இருந்துச்சுக்கா. வெல்லத்தைக் கரைச்சுக் குடுத்தோம். எப்பவும் இருக்குறதுதானேன்னு வேலையைப் பாத்தோம்" என்று ஒருத்தி அழுதாள். எப்பவுமா என்றேன். "ஆமாக்கா. சீசனுக்குச் சீசன் இப்படித்தான். யாரும் வெளிய சொல்றதில்ல. இரைக்குதுன்னு தெரிஞ்சா வேலைய விட்டு நிப்பாட்டிருவாக." உன்னை எத்தனை விடியக்காலத்தில் அந்த அறையில் பார்த்திருக்கிறேன்! மெஷின் ஓடுகிறது, பக்கத்தில் டாக்டர் நிற்கிறார், காதில் மாட்டிய குழாய் நிற்கிறது. அத்தனைக்கும் நடுவில் நீ உன் இழுப்பை அடக்கிக்கொண்டு பிள்ளையின் இழுப்பைக் காட்டிக்கொண்டிருந்தாய். டாக்டரம்மா ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். "என் பக்கத்துலதானேம்மா நின்னாங்க. என் பக்கத்துலயே நின்னாங்களே" என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னார். நான் உன் முடியில் இருந்த பஞ்சை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டிருந்தேன். வேறு என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை.

வீட்டில் ஈஸ்வரி அழவில்லை. என் மடியில் உட்கார்ந்துகொண்டு, பெரிய மனுஷி மாதிரி மெதுவாகச் சொன்னாள். "எனக்குத் தெரியும் பெரியம்மா. அம்மா சுவத்துல சாஞ்சு உக்காந்துதான் தூங்கும். படுத்தா முட்டும். நான் பம்பைக் குடுத்தேன். 'நான் ஒரு இழுப்பு இழுத்தா உனக்கு ஒரு இழுப்பு கொறையும்டி, போடி'ன்னுச்சு." உன் வீட்டுக்காரர் மூட்டை தூக்கப் போகிற மனுஷர். அதைக் கேட்டு அவர் சுவரில் தலையை முட்டிக்கொண்டார். இரண்டு பேரும் ஒரே வீட்டில்தானே இருந்தீர்கள்? அவரிடமும் நீ சொல்லவில்லை. பாவி மகளே, கேட்டால் உனக்கும் ஒரு பம்பு கொடுத்திருப்பார்களே. அந்த ஆஸ்பத்திரியில் பெரியவர்களுக்குக் கொடுக்க மாட்டோம் என்று யார் சொன்னது உனக்கு? எனக்கு இன்றைக்கும் துக்கத்தைவிட இந்த ஆத்திரம்தான் பெரிதாக இருக்கிறது.

காரியம் முடிந்த பிறகு ஒருநாள் உன் வீட்டுக்காரர் எஸ்டிடி பூத்தில் இருந்து எனக்குப் போன் போட்டார். பிள்ளைக்கு மறுபடி இழுக்கிறது, பம்பைத் தொட மாட்டேன் என்கிறாள் என்றார். பஸ் பிடித்து ஓடினேன். பம்பைக் கையில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு மூலையில் உட்கார்ந்திருந்தாள். "இதை நான் இழுத்து இழுத்துத்தானே அம்மாவுக்கு இல்லாமப் போச்சு" என்றாள். கட்டிப் பிடித்து ஆறுதல் சொல்லியிருக்க வேண்டும். எனக்குத்தான் அந்தப் பொறுமை கிடையாதே. "உங்கம்மா தனக்கு எடுக்காம உனக்குன்னு வச்சுட்டுப் போனதை நீ அலமாரியில வச்சுப் பொட்டு வைக்கப் போறியா?" என்று தெருவே கேட்கக் கத்தினேன். பிள்ளை வெடித்து அழுதாள், அன்றைக்குத்தான் முதலில் அழுதாள். அழுதுகொண்டே இழுத்தால் மருந்து உள்ளே இறங்காது. அழுது முடிக்கட்டும் என்று காத்திருந்தேன். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு, நீ சொல்லிக் கொடுத்த மாதிரி மூச்சை முழுக்க வெளியே விட்டுவிட்டு, வாயில் வைத்து இழுத்தாள்.

அடுத்த ஓபி நாளில் கடையைப் பூட்டிவிட்டு இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு பகலில் போய் வரிசையில் நின்றேன். கேசுவாலிட்டிக்கு ஓடுகிற பொழப்பு இனி வேண்டாம் என்று முடிவு எடுத்துவிட்டேன். அன்றிலிருந்து மாதம் தவறியதில்லை. ஈஸ்வரி இப்போது என்னைவிட உயரம். பிளஸ் டூ படிக்கிறாள். வாய் உன்னை மாதிரியே. ஷமீமாவோடு சேர்ந்து என்னைக் கிண்டல் செய்வதுதான் அவளுக்கு முக்கியமான வேலை. இழுப்பு வந்து அந்தப் பழைய அறைக்குள் அவள் போய் வருஷக் கணக்காகிறது. இதை உனக்குச் சொல்ல வேண்டும் என்றுதான் இவ்வளவும் எழுதினேன். ஆனால் என்னோடு நான் சுமந்துகொண்டு திரிவது இது இல்லை, வேறொன்று.

அந்த முதல் ஓபி நாளில் டாக்டரம்மா பிள்ளைகள் இருவரையும் பார்த்து முடித்தார். சீட்டில் மருந்து எழுதினார். நான் எழுந்திருக்கப் போனேன். "இருங்கம்மா. நீங்க திரும்பி உக்காருங்க" என்றார். "எனக்கு எதுக்கு டாக்டரம்மா, நான் தைக்கிறவ, பஞ்சுக் களத்துக்கெல்லாம் போறதில்ல" என்றேன். "திரும்புங்க" என்றார். உனக்குப் பிறகு அவர் எந்தத் தாயையும் அப்படியே எழுப்பி அனுப்புவதில்லையாம். பக்கத்து பெஞ்சில் இருந்த களத்துப் பெண்கள் வெட்கப்பட்டுச் சிரித்தார்கள். இப்போதெல்லாம் அவர்களைத் திரும்பச் சொல்லித் தோளைப் பிடித்துத் தள்ளுகிறவளே நான்தான்.

அன்றைக்குத் திரும்பி உட்கார்ந்தேன். குழாயை முதுகில் ஒரு பக்கம் வைத்து, "மூச்சை இழுங்க, விடுங்க" என்றார். இழுத்தேன், விட்டேன். மறு பக்கம் வைத்தார். இழுத்தேன், விட்டேன். "ஒண்ணுமில்லம்மா, நல்லா இருக்கு, எந்திரிங்க" என்றார். என்னால் எழுந்திருக்க முடியவில்லை. அவ்வளவுதானா என்று அவரைப் பார்த்தேன். அவரும் என்னைப் பார்த்தார். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.